இது தகவல், கூற்று அல்ல

காலையில் எழுந்து பாலை அடுப்பில் வைத்தேன். பொங்கும் வரை பக்கத்தில் நின்றேன். பொங்கியது, அணைத்தேன். முட்டை வேக வைத்தேன். ரொட்டியில் வெண்ணெய் தடவி இரண்டு டப்பாக்களில் அடுக்கினேன். ஒன்று மகளுக்கு, ஒன்று எனக்கு. என் டப்பாவின் மூடியைக் காணவில்லை. மூன்றாவது டப்பா அலமாரியில் சும்மா இருந்தது. அதன் மூடியை எடுத்துப் போட்டேன். பொருந்தியது.

மகள் பல் தேய்த்துவிட்டு வந்து எனக்கு முதுகைக் காட்டி ஸ்டூலில் உட்கார்ந்தாள். வகிடு எடுத்தேன். நான் எடுக்கும் வகிடு உச்சியில் நேராகத் தொடங்கிப் பின்மண்டைக்கு வரும்போது இடப்பக்கம் ஒதுங்கிவிடும். அன்றும் ஒதுங்கியது. இரண்டு ஜடை, இரண்டு நீல ரிப்பன். ஒரு ஜடை காதுக்கு மேலிருந்து தொடங்கியது, இன்னொன்று காதுக்குக் கீழிருந்து.

"வலிக்குதா?"

"இல்லப்பா."

வலித்திருக்க வேண்டும். தோளைக் குறுக்கினாள். ரெட்டை ஜடை பள்ளி விதி, ஒன்றும் செய்வதற்கில்லை.

ஃப்ரிட்ஜ் மேல் சார்ஜரில் இருந்த போன் சத்தம் போட்டது. என் மனைவியின் போன். பள்ளியிலிருந்து செய்தி வந்திருந்தது. "அன்புள்ள அம்மா, தங்கள் குழந்தையின் கட்டுரைத் திட்டம் ஏற்கப்படவில்லை. நேரில் வரவும்."

மனைவி போன மழைக்காலத்தில் இறந்தாள். பள்ளியில் இன்னும் அவளுடைய எண்தான் இருக்கிறது. மாற்றித் தரச் சொல்லி அலுவலகத்தில் கேட்டேன். தாயின் எண்ணை மாற்ற வேண்டுமென்றால் தாய்தான் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார் எழுத்தர்.

"அவங்க இறந்துட்டாங்க."

எழுத்தர் எழுந்து நின்று வருத்தம் தெரிவித்தார். மறுபடி உட்கார்ந்தார். "அப்ப நேர்ல வரவேணாம் சார். வீட்டுலயே கையெழுத்து வாங்கிக் குடுத்தனுப்புங்க, போதும்," என்றார்.

அதனால் போனை சார்ஜில் வைத்திருக்கிறேன்.

"கட்டுரையில என்னம்மா எழுதின?" என்று மகளைக் கேட்டேன்.

"'என் அம்மா'ன்னு தலைப்பு குடுத்தாங்க. முதல்ல ஒரே ஒரு வரி எழுதணும்னாங்க. எழுதினேன்."

"என்ன வரி?"

ஷூ லேஸை முடிந்தாள். அவிழ்த்தாள். மறுபடி முடிந்தாள்.

"அங்க போய்ப் பாத்துக்கோங்க," என்றாள்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவன். கல்லூரியில் அதற்குத்தான் படித்தேன். எதிரில் உட்காருபவர் மூக்கில் இரும்புச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" என்று கேட்பது வேலை. அதைத் தவிர வேறு எதுவும் பேசாமல் ஒரு நாளை முடித்துவிடலாம். எனக்கு வசதியாக இருக்கிறது. முதலாளியிடம் அரை நாள் கேட்டேன். தலையை ஆட்டினார்.

மகளின் பள்ளி கட்டுரைக்குப் பேர்போனது. அதற்கென்றே ஒரு மாடி. படி ஏறும் இடத்தில் பெரிய பலகை: சிந்தி. திட்டமிடு. எழுது. திருத்து. மீண்டும் திட்டமிடு. 'எழுது' மேல் வெள்ளை அடித்திருந்தார்கள். வெயில் படும்போது மட்டும் லேசாகத் தெரிந்தது.

கட்டுரைத் திட்டப் பிரிவு தொடங்கிய காலத்தில் பிள்ளைகள் முதலில் திட்டமிட்டு, பிறகு எழுதினார்களாம். எழுதியதில் பிழைகள் வந்தன. திட்டங்களில் அவ்வளவாக வரவில்லை. அதனால் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். பள்ளியின் தரம் ஒரே வருடத்தில் உயர்ந்தது. இப்போது 'மையக் கூற்று' என்ற ஒற்றை வாக்கியம் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கட்டுரை எதை நிரூபிக்கப் போகிறது என்று சொல்லும் வாக்கியம். அது ஏற்கப்பட்டால் அடுத்த வகுப்பு. இல்லையென்றால் அதே வகுப்பில் உட்கார்ந்து அதே வாக்கியத்தைச் செம்மைப்படுத்த வேண்டும். ஆறாம் வகுப்பைத் தாண்டிப் போனபோது கடைசி பெஞ்சில் மீசை முளைத்த ஒருவனைப் பார்த்தேன். 'மரங்கள் நல்லவை' என்பது அவனுடைய கூற்றாம். 'நல்லவை' என்றால் என்ன என்று வரையறுத்துக்கொண்டிருக்கிறான் என்று பிறகு சொன்னார்கள். மரங்களுக்கு இன்னும் வரவில்லை.

கட்டுரை ஒருங்கிணைப்பாளரின் அறை மாடியின் கோடியில். ஒருங்கிணைப்பாளர் மேடத்தின் கண்ணாடி ஒரு பக்கம் சரிந்திருந்தது. காதுக் கொக்கியைக் கொஞ்சம் வளைத்தால் சரியாகிவிடும்.

"உக்காருங்க சார். அம்மா வரலையா?"

"எந்த அம்மா?"

"பொண்ணோட அம்மா."

"கட்டுரையில எழுதியிருப்பான்னு நினைக்கிறேன்."

தாளைத் தேடி எடுத்து என் பக்கம் நகர்த்தினார். கோடில்லாத தாள். மகளின் உருண்டைக் கையெழுத்து. என் அம்மா இறந்துவிட்டார். அதற்குக் கீழே சிவப்பு மையில்: இது தகவல், கூற்று அல்ல.

இரண்டு முறை படித்தேன். சிவப்பை அல்ல. அந்த வாக்கியத்தை மகள் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. நானும் அவளிடம் சொன்னதில்லை. சொன்னவர்கள் எல்லாரும் வேறு மாதிரி சொன்னார்கள், 'போயிட்டா', 'இல்ல', 'தூங்குறா' என்று. இவள் கோடில்லாத தாளில் நேராக எழுதியிருந்தாள். இந்த ஒரு வரியை அவளிடமிருந்து யாரும் பிடுங்கிவிடக் கூடாது என்று தோன்றியது. பல மாதங்களுக்குப் பிறகு எனக்கு ஏதோ ஒன்று தோன்றியது.

"எங்க பிரிவு உணர்ச்சியை மதிக்குது சார்," என்றார் மேடம். "உணர்ச்சிக்குன்னே அஞ்சு மார்க் ஒதுக்கியிருக்கோம். உங்க பொண்ணு அஞ்சுக்கு அஞ்சு வாங்கிட்டா. அதுல எங்களுக்குப் பெருமைதான். ஆனா கூற்றுன்னு ஒண்ணு இருக்கில்ல? கூற்றுன்னா நாலு பேர் அதை மறுக்கணும். யாரும் மறுக்க முடியாத விஷயத்துக்குக் கட்டுரை எதுக்கு? இதை யார் மறுப்பாங்க, நீங்களே சொல்லுங்க."

"நான் மறுத்தேன். கொஞ்ச நாள்."

மேடம் பேனாவை எடுத்தார். தாளின் ஓரத்தில் 'எதிர்ப்பவர்: தந்தை' என்று எழுதினார். யோசித்தார். அடித்தார்.

"சொந்தக்காரங்க எதிர்ப்பவரா இருக்க முடியாது சார். விட்டுக்குடுத்துடுவீங்க."

"மத்த பிள்ளைங்க என்ன எழுதினாங்க?"

"வகுப்புல பாதிப் பேர் 'என் அம்மாதான் உலகத்திலேயே சிறந்த அம்மா'ன்னு எழுதியிருக்காங்க. எல்லாத்தையும் ஏத்துக்கிட்டோம்."

"எல்லாரும் எப்படிச் சிறந்த அம்மாவா இருக்க முடியும்?"

"அதான் சார் அழகே! ஒவ்வொருத்தரும் மத்தவங்களை மறுக்கிறாங்க பாருங்க. ஒரு பையன் 'தாயன்பு கடலை விடப் பெரியது'ன்னு எழுதினான். முன்மாதிரிக் கூற்றா சுவத்துல ஒட்டியிருக்கோம். கடலோட அளவை எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கோம், வந்ததும் முடிச்சுடலாம்."

அப்போது மகள் உள்ளே வந்தாள். வகுப்பிலிருந்து கூப்பிட்டனுப்பியிருந்தார்கள். மேடம் அவள் தலையைப் பார்த்தார்.

"ஏன்டா கண்ணா, ஜடை ஒண்ணு மேல இருக்கு, ஒண்ணு கீழ இருக்கு? கட்டுரையும் ஜடை மாதிரிதான்னு வகுப்புல சொன்னேனா இல்லையா? கூற்று ஒரு ஜடை. எதிர்க்கூற்று ஒரு ஜடை. ரெண்டும் சமமா இருந்தாத்தான் தலை நேரா நிக்கும். ஒத்தை ஜடையோட ஒரு கட்டுரை இந்த மாடியை விட்டு இறங்கினதில்ல."

"நான்தான் போட்டேன்," என்றேன்.

"தெரியுது," என்றார் மேடம்.

வேறு வரி எழுதிக் கொடுத்தால் இன்றே முடித்துவிடலாம் என்றார். மகள் மேசையில் கிடந்த தன் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இந்த வரிதான் வேணும் மிஸ்."

"இது தகவல்டா."

"பரவால்ல மிஸ்."

"பரவாயில்லன்னா ஏழாம் வகுப்புக்குப் போக முடியாதே."

மேடம் பெருமூச்சு விட்டார். பிறகு ஒரு வழி இருப்பதாகச் சொன்னார். ஒரு கூற்றுக்கு எதிர்ப்பவர் தானாகக் கிடைக்காவிட்டால் பிரிவே ஒருவரை நியமிக்கும். அவர் கூற்று மன்றத்தில் 'இறக்கவில்லை' என்று வாதாடுவார். மகள் அவரை வெல்ல வேண்டும். வென்றால் தகவல், கூற்றாக உயர்த்தப்படும்.

"தோத்துட்டா?" என்றேன்.

"தோத்துட்டா அம்மா இறக்கலன்னு ஆயிடும். எப்படிப் பாத்தாலும் உங்களுக்கு நல்லதுதானே சார்," என்றார்.

மகளின் நெருங்கிய தோழியையே நியமித்தார்கள். வகுப்பில் அவளுக்கு சோடாபுட்டி என்று பெயர். அந்தக் கண்ணாடியைப் போட்டுவிட்டது நான்தான். மெல்லிய வில்லை போடலாம் என்றேன். தடியானதே போதும், அதுதான் பெயருக்குப் பொருத்தம் என்று அவளே சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆதாரம் சேகரிக்க வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"அங்கிள், என் மேல கோவமா?"

"இல்லம்மா. உள்ள வா."

"எனக்கு மூணு ஆதாரம் வேணும் அங்கிள். இல்லன்னா என்னையும் ஃபெயிலாக்கிடுவாங்க. நான் நல்லா வாதாடலன்னாலும் மார்க்கைக் குறைப்பாங்களாம்."

"வாடி, நான் காட்டுறேன்," என்று மகள் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

நான் சமையலறையில் வெங்காயம் உரித்தேன். இருவரும் வீட்டைச் சுற்றினார்கள். பேசுவது எல்லாம் கேட்டது.

"இது யார் செருப்புடி?"

"அம்மாவோடது. எழுதிக்கோ."

"தூசியே இல்லையே?"

"அப்பா துடைப்பாரு."

"அதை எழுத வேணாம். தூசி இல்லன்னு மட்டும் எழுதிக்கிறேன். அந்த போன்?"

"அம்மாவோடதுதான். டெய்லி மெசேஜ் வரும்."

"யார் அனுப்புறா?"

"நம்ம ஸ்கூல்தான்."

"அய்யோ, சூப்பர்டி! ஸ்கூலே ஆதாரம்." பென்சில் உரசும் சத்தம் நின்றது. "சாரிடி."

"பரவால்ல, எழுதிக்கோ. கிச்சன்ல இன்னொண்ணு இருக்கு, வா."

உள்ளே வந்து அலமாரியைத் திறந்தார்கள். உப்பு டப்பாவைக் காட்டினாள் மகள். மேலே ஒட்டிய சீட்டில் மனைவியின் கையெழுத்து: சர்க்கரை அல்ல.

"ஏன் உப்புன்னு எழுதாம இப்படி எழுதியிருக்காங்க?"

"அப்பா ரெண்டு தடவை டீயில உப்பைப் போட்டுட்டாரு. உப்புன்னு எழுதினா படிக்க மாட்டாராம். மறுத்து எழுதினாத்தான் நின்னு படிப்பாராம்."

சோடாபுட்டி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு டப்பாவை அருகில் பார்த்தாள். "உங்க அம்மா கூற்றெல்லாம் நல்லா எழுதுவாங்க போலிருக்கே," என்றாள்.

இருவரும் சிரித்தார்கள். நான் வெங்காயத்தை நறுக்கினேன். கண்ணில் நீர் வந்தது. வெங்காயம்தான்.

கூற்று மன்றம் பள்ளி அரங்கில் நடந்தது. மேடையில் தலைமையாசிரியர், ஒருங்கிணைப்பாளர் மேடம், அவர்களுக்குப் பின்னால் தாயன்பையும் கடலையும் பற்றிய முன்மாதிரிக் கூற்று. பெற்றோர் வரிசையில் இரண்டு நாற்காலி போட்டு, ஒன்றில் 'தந்தை', ஒன்றில் 'தாய்' என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள். நான் என் சீட்டின் மேல் உட்கார்ந்தேன்.

தலைமையாசிரியர் பேசினார். தூரப் பார்வைக் கண்ணாடியோடு உரையைப் படிக்க முயன்றார், எழுத்துத் தெரியவில்லை, மனதில் இருந்ததைப் பேசினார்.

"இந்தப் பள்ளியில நான் சேரும்போது பிள்ளைங்க பக்கம் பக்கமா எழுதித் தள்ளிட்டு இருந்தாங்க. நாய்க்குட்டியைப் பத்தி, மழையைப் பத்தி, பாத்தது, கேட்டது, எதைப் பாத்தாலும் எழுதினாங்க. படிக்க ஆசிரியர்களுக்கு நேரம் கிடைக்கல. இப்ப ஒரே ஒரு வாக்கியம். அதையும் நாங்க ஏத்துக்கிறதில்ல. தரம்னா இதுதான்! இன்னிக்கு ஒரு மாணவி 'என் அம்மா இறந்துவிட்டார்'னு சொல்றாங்க. சொல்லட்டும். சொல்ல உரிமை இருக்கு. ஆனா எதுக்காக இறந்தாங்க? அதனால சமுதாயத்துக்கு என்ன தெரியுது? அதைச் சொல்லணுமா இல்லையா?"

கைதட்டினார்கள்.

சோடாபுட்டி தன் மூன்று ஆதாரங்களையும் சொன்னாள். செருப்பில் தூசி இல்லை. பள்ளி தினமும் செய்தி அனுப்புகிறது, பள்ளி தவறு செய்யாது. உப்பு டப்பாவில் இருக்கும் எச்சரிக்கை இன்றைக்கும் பயன்படுகிறது. தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள், ஆனால் நன்றாகச் சொன்னாள்.

மகள் ஒரே ஓர் ஆதாரம் கொண்டுவந்திருந்தாள். இறப்புச் சான்றிதழின் நகல். மேடம் அதை வாங்கிப் படித்தார்.

"இது நீ எழுதினதாடா?"

"இல்ல மிஸ். கவர்மென்ட் குடுத்தது."

"அங்கதான் தப்பு. சொந்த நடையில இருக்கணும்னு விதிமுறையில தெளிவா இருக்கு. இதுல பாரு, பெயர், வயது, காரணம், தேதி. ஒரு வருணனை உண்டா? இதையே உன் நடையில மாத்தி எழுதிட்டு வந்திருந்தா யோசிக்கலாம்."

மகள் சான்றிதழைத் திரும்ப வாங்கி நான்காக மடித்துப் பையில் வைத்தாள்.

மூன்றுக்கு ஒன்று. எதிர்க்கூற்று வென்றது. வெளியே வரும்போது சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதாள். கண்ணாடி இல்லாமல் அவளுக்குக் கண் தெரியாதே என்று மகள் அவள் கையைப் பிடித்துப் படிகளில் இறக்கிவிட்டாள்.

மறுநாள் போனில் செய்தி வந்தது. "அன்புள்ள அம்மா, தாங்கள் இறக்கவில்லை என்று கூற்று மன்றம் தீர்மானித்துள்ளது. வாழ்த்துகள். நேற்றைய கூட்டத்துக்குத் தாங்கள் வராததற்கான காரணத்தைத் தெரிவிக்கவும். இறுதி அமர்வுக்குத் தவறாமல் வரவும்."

அன்று போனைக் கடைக்கு எடுத்துப்போயிருந்தேன், அங்கே வைத்துப் படித்தேன். எதிரில் இரும்புச் சட்டத்தோடு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியுது," என்றார். நான் இரண்டு வில்லையும் போடாமலே கேட்டிருந்தேன்.

தோற்ற கூற்றுக்கு ஓர் இறுதி அமர்வு உண்டாம், அதற்குத் தாய் தரப்பில் யாராவது வரலாம் என்றார்கள். மனைவியின் அக்கா வந்தார். மகளுக்குப் பெரியம்மா. நல்லவர். ஒவ்வொரு வாரமும் வந்து பாத்திரங்களை வேறு இடத்துக்கு மாற்றி வைத்துவிட்டுப் போவார்.

மேடம், மகள் தேர்ச்சி பெற ஒரே ஒரு வாய்ப்புதான் மிச்சம் என்றார். மேற்கோள். கட்டுரைப் பொருளான நபர் சொன்ன ஏதாவது ஒரு வாக்கியம். கடைசியாகச் சொன்னதாக இருந்தால் இன்னும் பலம்.

"கடைசியா ஏதாவது சொன்னாங்களா?"

பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"சொன்னாளே! 'என் பொண்ணை டாக்டராக்கிடுங்க, என் ஆத்மா சாந்தியடையும்'னு சொல்லிட்டுத்தானே கண்ணை மூடினா! அதை நினைச்சா எனக்குத் தூக்கமே வரல மேடம்."

மனைவி இறந்த அன்றைக்குப் பெரியம்மா ஆஸ்பத்திரியில் இல்லை. மறுநாள்தான் வந்தார். வந்ததும் என் கையைப் பிடித்து, "கடைசியா என்ன சொன்னா தம்பி?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "பொண்ணை டாக்டராக்கணும்னுதான் சொல்லியிருப்பா," என்று அழுதார். அந்த வாரமே 'சொல்லியிருப்பா' என்பது 'சொன்னா' ஆகிவிட்டது. ஆத்மா இப்போதுதான் சேர்ந்தது. யாரும் என்னைத் திரும்பக் கேட்கவில்லை.

அரங்கத்தில் இரண்டு பேர் மூக்கை உறிஞ்சினார்கள். தலைமையாசிரியர் எழுந்து நின்றார். மேடம் வேகமாக எழுதினார். எழுதி முடித்து உரக்கப் படித்தார்.

"'என் அம்மா இறக்கவில்லை, என் மருத்துவ லட்சியத்தில் வாழ்கிறார், ஏனெனில் லட்சியத்துக்கு மரணமில்லை.' பாருங்க சார்! கூற்று இருக்கு. காரணம் இருக்கு. மறுக்கவும் முடியும். சமுதாயத்துக்குச் செய்தியும் இருக்கு. இப்பவே ஏத்துக்கிறோம். கடலை எடுத்துட்டு இதைச் சுவத்துல ஒட்டுறோம். கண்ணா, இங்க வந்து ஒரு கையெழுத்துப் போடு, நேரா ஏழாம் வகுப்பு."

முத்திரை குத்திவிட்டார். மை காய ஊதினார்.

மகள் மேடைக்குப் போனாள். பேனாவைக் கையில் கொடுத்தார்கள். வாக்கியத்தைப் படித்தாள். உதடு அசைந்தது. பிறகு பேனாவின் மூடியைப் போட்டுவிட்டு, மேடையிலிருந்தே என்னைப் பார்த்தாள்.

"அப்பா, அம்மா டாக்டர்னெல்லாம் சொன்னாங்களா?"

எல்லாரும் திரும்பினார்கள். பெரியம்மா என் முழங்கையை அழுத்தினார். "ஆமான்னு சொல்லுங்க தம்பி. பிள்ளை பாஸாகட்டும்," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"இல்லம்மா," என்றேன்.

"சார், சார்," என்றார் மேடம். "மேற்கோள் உண்மையா இருக்கணும்னு நாங்க எதிர்பாக்கல. பொருத்தமா இருந்தாப் போதும்."

"அப்ப என்ன சொன்னாங்க?" என்றாள் மகள், மேடத்தைக் கவனிக்காமல்.

கேட்டுவிட்டுப் பதிலுக்கு யாரும் காத்திருக்காத கேள்வி. எழுந்து நின்றேன். சொன்னேன். சின்னச் சின்னதாக மூன்று வாக்கியம்.

பெரியம்மா, "சீ, இதையா சொல்லுவா?" என்றார். உடனே, "அவதான். இதைத்தான் சொல்லுவா," என்று உட்கார்ந்து நிஜமாகவே அழ ஆரம்பித்தார்.

மகள் சிரித்தாள். மழைக்காலத்துக்கு முன்னால் சிரித்த மாதிரி, வாயைப் பொத்தாமல். சோடாபுட்டியும் சிரித்தாள்.

மேடம் சிரிக்கவில்லை. தொழில் பழக்கம். விரல் விட்டு எண்ணினார். "கூற்று... இருக்கு. காரணமும் இருக்கு. ஆதாரமும் குடுத்திருக்காங்க." மகளின் தலையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "எதிர்ப்பவரும் இருக்கார்."

"சொந்தக்காரர் எதிர்ப்பவரா இருக்க முடியாதுன்னு சொன்னீங்களே மேடம்," என்றேன்.

"டெய்லி எதிர்த்திருக்கீங்களே சார். விட்டுக்குடுத்த மாதிரி தெரியலையே."

இதற்குள் மகள் முத்திரை குத்திய தாளைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் எழுதிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எழுதினாள். தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தார்.

"என்ன பண்றா? எழுதுறாளா?"

"எழுதுற மாதிரிதான் சார் இருக்கு."

"யாரு எழுதச் சொன்னது? திட்டம் எங்க?"

யாருக்கும் தெரியவில்லை. மகள் முற்றுப்புள்ளி வைத்துத் தாளை அவரிடம் நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளை மூக்கருகில் வைத்துப் படித்தார். மேடத்திடம் கொடுத்தார். மேடம் சிவப்புப் பேனாவைத் திறந்தார், மூடினார்.

எழுதப்பட்ட கட்டுரையைத் திருத்துவதற்கு அந்தப் பள்ளியில் யாருக்கும் பதவி இல்லை. பழைய ஆசிரியர் ஒருவர் இருந்தாராம், ஓய்வு பெற்றுவிட்டார். திருத்தாத கட்டுரைக்கு மார்க் போட முடியாது. மார்க் இல்லாதவரை ஃபெயிலாக்கவும் முடியாது. இதைப் பற்றி மேடையிலேயே ஓர் அவசரக் கூட்டம் நடந்தது. கடைசியில் கட்டுரையை அலுவலக பீரோவில் பூட்டி வைப்பது என்றும், மகளை ஏழாம் வகுப்புக்கு அனுப்பிவிட்டு இதைப் பற்றி யாரும் வெளியே பேசுவதில்லை என்றும் முடிவாயிற்று. மீசைக்காரப் பையன் மட்டும் கடைசி வரிசையிலிருந்து, "சார், நானும் எழுதலாமா?" என்று கேட்டான். அவனை வெளியே அனுப்பினார்கள்.

மறுநாள் காலை பாலை அடுப்பில் வைத்தேன். பொங்கும் வரை பக்கத்தில் நின்றேன். முட்டை, ரொட்டி, வெண்ணெய். மகள் ஸ்டூலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, தோளுக்கு மேலாகக் கையை நீட்டினாள். கையில் ஒரே ஒரு ரிப்பன் இருந்தது.

வாரினேன். வகிடு எடுக்கவில்லை. மூன்றாகப் பிரித்துப் பின்னினேன். நடுவில் நேராக விழுந்தது. தோளைக் குறுக்கவில்லை.

பள்ளி வாசலில் வகுப்பு மிஸ் அவளை நிறுத்தினார்.

"எங்க இன்னொரு ஜடை?"

"கட்டுரையில இருக்கு மிஸ்," என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

கட்டுரை இப்போதும் பீரோவில்தான் இருக்கிறது. பெரிதாக ஒன்றும் இல்லை. முதல் வரி, என் அம்மா இறந்துவிட்டார். அதற்குப் பிறகு, நான் அரங்கத்தில் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் மனைவியை ஸ்ட்ரெச்சரில் ஓர் அறைக்குக் கொண்டுபோனார்கள். அந்த அறையின் கதவு இழுத்துத் திறக்கிற கதவு. இரண்டு பேர் அது தெரியாமல் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். அந்த நேரத்தில் அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"ரெட்டை ஜடை உங்களுக்கு வராது, அன்னிக்கே பாத்தேன். பாப்பாவுக்கு ஒத்தை ஜடையே போட்டு அனுப்புங்க. ஸ்கூல்ல கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க."